படிவத்தில் இல்லாத உறுதிமொழி

கல்லூரிச் சேர்க்கையின்போது பெற்றோர் கையெழுத்துப் போடும் காகிதங்கள் பல. கட்டண ரசீது, விடுதி விண்ணப்பம், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், எல்லாவற்றுக்கும் மூன்று மூன்று நகல் என்று பையில் ஒரு கட்டு இருக்கும். அந்தக் கட்டில் ராகிங் தடுப்பு உறுதிமொழி என்று ஒன்று உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் கொண்டுவந்த விதிமுறைகளின்படி மாணவரும் பெற்றோரும் தனித்தனியே கொடுக்க வேண்டியது அது. இப்போது இணையத்திலேயே நிரப்பலாம் என்பதால், கடலூர் மஞ்சக்குப்பத்திலோ சிதம்பரம் ரயிலடியிலோ ஒரு பிரவுசிங் சென்டரில் பிள்ளையின் பெயரும் செல்போன் எண்ணும் தட்டப்பட்டு, சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடுகிறது. நிதானமாகப் படித்துப் பார்த்தால் அதில் பெற்றோர் சொல்வது இவ்வளவுதான்: ராகிங் எது என்று விதிமுறையைப் படித்துத் தெரிந்துகொண்டேன், என் பிள்ளை அந்தக் குற்றத்தில் ஈடுபடாது, ஈடுபட்டால் விதிப்படி தண்டனைக்கு உள்ளாகும். தேவையான உறுதிமொழிதான். ஆனால் வீட்டை விட்டுக் கிளம்பும் பிள்ளைக்கு அதைவிட அவசரமாக வேண்டிய இன்னோர் உறுதிமொழி அந்தப் படிவத்தில் எங்கும் இல்லை. உனக்கு ஒன்று நேர்ந்தால், நீயே ஒரு தவறு செய்துவிட்டால்கூட, முதலில் என்னிடம் சொல்லலாம், நான் கேட்டுக்கொள்வேன் என்று பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் உறுதிமொழி. பக்கெட், பாய், தலையணை, ஊறுகாய் பாட்டில், புது பேங்க் பாஸ்புக் என்று எத்தனை ஏற்பாடு செய்தாலும், கெட்ட செய்தி வீடு வந்து சேர ஒரு வழி இல்லையென்றால் அந்தப் பிள்ளையை நாம் பாதி ஏற்பாட்டோடுதான் அனுப்புகிறோம்.

பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து தங்கிப் படிப்பது கடலூர் மாவட்டத்துக்குப் பழைய சங்கதி. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் தொடங்கிய ஸ்ரீ மீனாட்சி கல்லூரி 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாக வளர்ந்தபோதே, மாணவர்கள் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகமாகத்தான் வளர்ந்தது. நடராசர் கோயிலும் நான்கு வீதிகளும் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். பாதையைக் கடந்து கிழக்கே போனால் திருவேட்களத்தை ஒட்டி விரியும் அண்ணாமலை நகர். திராவிட இயக்கத் தலைவர்கள் நெடுஞ்செழியனும் அன்பழகனும் இங்கே படித்த 1940-களின் தொடக்கத்தில் வீட்டுக்கும் விடுதிக்கும் இடையே தபால்காரர் ஒருவர்தான் பாலம். அன்று தங்கிப் படிக்க வந்தவர்கள் வசதியும் முன்னனுபவமும் உள்ள சில குடும்பத்துப் பிள்ளைகள். இன்று நிலைமை வேறு. 2021-22-ஆம் ஆண்டு அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. இந்திய அளவில் 28.4. பண்ணுருட்டி முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்பவர் மகளும், பரங்கிப்பேட்டை மீனவர் மகனும், நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளியின் பிள்ளையும் சென்னைக்கும் கோவைக்கும் திருச்சிக்கும் பெட்டி கட்டுகிறார்கள். மற்ற மாவட்டத்துப் பிள்ளைகள் இங்கே வந்து இறங்குகிறார்கள். வீட்டில் இதற்கு முன் யாரும் விடுதியில் தங்கியதில்லை என்கிற குடும்பங்களே இன்று அதிகம். ஆகவே இந்தக் கேள்வி ஒரு சிலருடையதாக இல்லாமல் ஊரின் பொதுக் கேள்வியாகிவிட்டது.

அண்ணாமலை நகரின் பெயரைச் சொன்னால் 1996 நவம்பரை மறைத்துவிட்டுப் பேச முடியாது. தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தன. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்த பொன் நாவரசு, அதே கல்லூரியின் மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். நாவரசின் தந்தை பொன்னுசாமி சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். பல்கலைக்கழகம் என்ற அமைப்பை உள்ளும் புறமும் அறிந்தவர் வீட்டுப் பிள்ளைக்கே இது நேர்ந்தது என்பது அன்று தமிழ்நாட்டை உலுக்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு ராகிங்குக்கு எதிராக அவசரச் சட்டம் கொண்டுவந்தது; 1997-இல் அது தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டமானது. கடலூர் அமர்வு நீதிமன்றம் 1998-இல் ஆயுள் தண்டனை விதித்தது, சென்னை உயர் நீதிமன்றம் 2001-இல் விடுதலை செய்தது, உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரலில் மறுபடி தண்டனையை உறுதி செய்தது. ஒரு குடும்பம் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் தீர்ப்புக்காகக் காத்திருந்தது. இதில் பெற்றோர் என்ன செய்திருக்கலாம், பிள்ளை என்ன சொல்லியிருக்கலாம் என்று பேசுவது அநியாயம். குற்றம் முழுக்கக் குற்றவாளியுடையது. அந்தச் சம்பவத்துக்குப் பின் பிறந்த சட்டமும் விதிகளும் எப்படி வேலை செய்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுச் சட்டம் ராகிங் செய்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. தண்டனை பெற்றவர் கல்வி நிலையத்திலிருந்து நீக்கப்படுவார், வேறெங்கும் சேரவும் முடியாது. புகாரைக் கண்டுகொள்ளாமல் விடும் கல்லூரித் தலைவரும் குற்றத்துக்குத் துணைபோனவராகக் கருதப்படுவார். பாதிக்கப்பட்ட மாணவர் மட்டுமல்லாமல், பெற்றோரும் பாதுகாவலரும் ஆசிரியரும்கூட எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். பிறகு முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு 2007-இல் தன் பரிந்துரைகளைத் தந்தது. 2009-இல் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரூ என்ற மருத்துவ மாணவர் ராகிங்கில் உயிரிழந்த பின் மானியக் குழுவின் விதிமுறைகள் வந்தன. கல்லூரிதோறும் ராகிங் தடுப்புக் குழு, திடீர்ச் சோதனைப் படை, முதலாமாண்டு மாணவர்களுக்கு முடிந்தவரை தனி விடுதிப் பகுதி, 24 மணி நேரமும் இயங்கும் 1800-180-5522 என்ற இலவசத் தொலைபேசி என ஏற்பாடுகள் விரிந்தன. 2016-இல் ராகிங்குக்கான விளக்கமும் விரிந்தது: சாதி, மதம், நிறம், தோற்றம், ஊர், மொழி, பொருளாதார நிலை ஆகியவற்றைச் சொல்லித் துன்புறுத்துவதும் ஒதுக்கிவைப்பதும் அதில் அடங்கும். மூத்த மாணவரின் ரெக்கார்டு நோட்டை எழுதிக் கொடுக்கச் சொல்வதும், செலவுக்குப் பணம் பிடுங்குவதும்கூட ராகிங்தான். கவனித்துப் பார்த்தால் இவ்வளவு பெரிய இயந்திரத்துக்கும் சாவி ஒன்றே ஒன்று: அந்தப் பிள்ளை வாயைத் திறக்க வேண்டும். பெற்றோரும் புகார் கொடுக்கலாம் என்று சட்டம் இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் பெற்றோருக்குத் தெரிந்தால்தானே?

ஏன் சொல்வதில்லை? பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை நம் வீடுகளில் செய்தி என்றால் மதிப்பெண். மாதத் தேர்வு, காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன் என்று வரிசையாக வரும் தாள்களை நீட்டும்போது அம்மா அப்பா முகம் எப்படி மாறுகிறது என்பதைப் பிள்ளை அளந்து அளந்து பழகியிருக்கிறது. நல்ல செய்திக்கு ஒரு முகம், கெட்ட செய்திக்கு இன்னொரு முகம். மாநில முதலிடம் யார் என்று அறிவிக்கும் வழக்கத்தைப் பள்ளிக் கல்வித் துறை 2017-இல் நிறுத்திவிட்டது. வீட்டுக்குள் அது இன்னும் நிற்கவில்லை. இதன் மேல் கடன் சேர்கிறது. கூட்டுறவு வங்கியில் நகையை வைத்து விடுதிக் கட்டணம் கட்டிய வீட்டில், அந்த ரசீது எந்த டப்பாவில் இருக்கிறது என்பது பிள்ளைக்குத் தெரியும். "உனக்காகத்தான்டா இவ்ளோ கஷ்டப்படறோம்" என்ற வாக்கியம் அன்பிலிருந்துதான் வருகிறது. ஆனால் அதைக் கேட்டு வளர்ந்த பையன், இந்தப் படிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, முதல் இன்டர்னலில் இரண்டு தாள் போய்விட்டது, ரூமில் ஒருத்தன் தினமும் என்னை அவமானப்படுத்துகிறான் என்று எதைச் சொல்ல வாயெடுத்தாலும், அது நன்றி கெட்ட பேச்சாகிவிடுமோ என்று பயந்து விழுங்கிவிடுகிறான். தன் துன்பத்தை வீட்டுக்குச் சொல்வதால் வரும் செலவை அவன் மனத்துக்குள் கணக்குப் போடுகிறான். அந்தக் கணக்கில் மௌனம்தான் மலிவாக வருகிறது.

கையில் போன் இருக்கிறது, தினமும் பேசுகிறோம், வீடியோ காலில் முகத்தையே பார்க்கிறோம், பிறகென்ன என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தபால் காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய வரம். ஆனால் அந்தப் பேச்சு எப்படிப் போகிறது என்று ஒருமுறை காது கொடுத்துக் கேட்கலாம். "சாப்ட்டியா?" "ம்." "என்ன சாப்பாடு?" "சாம்பார்." "படிக்கிறியா?" "படிக்கிறேன்மா." "ஒடம்பப் பாத்துக்க." "சரி." ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, அம்மாவுக்கு நிம்மதி. இந்த மூன்று கேள்வியும் பாசம்தான், சந்தேகமில்லை. ஆனாலும் அவற்றில் எதற்கும் இல்லை என்று பதில் சொல்ல இடமில்லை. சாப்பிடவில்லை என்றால் அம்மா அழுவாள். படிக்கவில்லை என்றால் அப்பா போனை வாங்குவார். கேள்வியே பதிலையும் சொல்லிக் கொடுத்துவிடுகிறது. இன்றைக்கு யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய், பக்கத்து ரூமில் எந்த ஊர்ப் பையன் இருக்கிறான், எந்த வாத்தியார் சொல்வது புரியவில்லை, இந்த வாரம் உனக்கு எரிச்சல் மூட்டியது எது என்று கேட்டால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். பதில் வந்ததும் அறிவுரை சொல்லாமல் கொஞ்சம் நேரம் சும்மா கேட்க வேண்டும். இது கடினம். பிள்ளை ஒரு சங்கடத்தைச் சொல்லத் தொடங்கியதும் நாம் பாதியில் புகுந்து தீர்ப்பு சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கத்தை ஆகஸ்டில் விட முடியாது, மே மாதத்திலேயே விடத் தொடங்க வேண்டும்.

பெண் பிள்ளை விஷயத்தில் இந்த வாதம் இன்னும் கூர்மையாகிறது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான உயர்கல்வி உறுதித் திட்டம், மக்கள் வாயில் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பிளஸ் டூ வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணின் சொந்த வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் விழுகிறது. மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூரில் வாழ்ந்து, தேவதாசி முறைக்கு எதிராக ஆயுள் முழுதும் போராடிய பெண்மணியின் பெயரால், பக்கத்துக் கொள்ளிடக் கரைப் பெண்களும் படிக்கப் போகிறார்கள் என்பது மனத்துக்கு நிறைவான செய்தி. ஆனால் அந்தப் பெண்ணின் படிப்பு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதை அவளே நன்றாக அறிவாள். பஸ்ஸில் ஒருவன் தொந்தரவு செய்தான், வகுப்பில் ஒருவன் பின்தொடர்கிறான், ஒரு ஆசிரியர் பேசும் முறை சரியில்லை என்று வீட்டில் சொன்னால், அடுத்த பேச்சு "படிச்சது போதும், வீட்டுக்கு வா" என்று வருமோ என்பதே அவள் பயம். தவறு செய்தவன் கல்லூரியில் தொடர, பாதிக்கப்பட்டவள் படிப்பு நிற்கும் என்றால் அவள் ஏன் சொல்வாள்? தொந்தரவை விழுங்கிக்கொண்டு படிப்பைக் காப்பாற்றுவதுதான் அவளுக்குப் புத்திசாலித்தனமாகத் தெரியும். தொந்தரவு செய்பவனுக்கும் அது தெரியும். அவளுடைய மௌனத்தை நம்பித்தான் அவன் அடுத்த அடி எடுத்து வைக்கிறான். ஆகவே மகளை அனுப்பும் பெற்றோர் ஒன்றை முன்கூட்டியே, தெளிவாக, மூன்றாம் மனிதர் முன்னிலையில்கூடச் சொல்ல வேண்டும்: நீ என்ன சொன்னாலும் உன் படிப்பு நிற்காது. சொன்னபடி நடக்கவும் வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி அவளை வீட்டில் வைத்துக்கொள்வது பாதுகாப்பாகாது. கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். தினமும் போய் வரலாம், பலர் போய் வருகிறார்கள். அதைச் செலவுக்காகவோ வசதிக்காகவோ தேர்ந்தெடுத்தால் சரி. பயத்தால் தேர்ந்தெடுத்தால், அந்தப் பயம் ரயிலிலும் அவளோடு கூடவே ஏறும்.

கொஞ்சம் பயம் இருந்தால்தான் பிள்ளை ஒழுங்காக இருக்கும், எதையும் சொல்லலாம் என்று கதவைத் திறந்துவிட்டால் தலைக்கு மேல் ஏறிவிடும் என்பது பெரியவர்கள் எழுப்பும் மறுப்பு. இதில் ஓர் உண்மை இருக்கிறது. கண்டிப்பே இல்லாத வீட்டில் பிள்ளை நன்றாக வளரும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் வீட்டிலிருந்து இருநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளையிடம் பயம் என்ன வேலை செய்கிறது? நடத்தையை அது கட்டுப்படுத்துவதில்லை, செய்தியைத்தான் கட்டுப்படுத்துகிறது. வகுப்புக்குப் போகாத பையன் அப்பாவுக்குப் பயந்து வகுப்புக்குப் போவதைவிட, போகவில்லை என்பதை அப்பாவிடமிருந்து மறைப்பதே சுலபம். அரியர் கணக்கு இப்படித்தான் வளர்கிறது. முதல் செமஸ்டரில் ஒரு தாள் போனால் அது சின்ன விஷயம், அடுத்த முறை எழுதி முடித்துவிடலாம். அதை மறைக்க ஒரு பொய், அந்தப் பொய்யைக் காக்க இன்னொரு பொய் என்று போய், கடைசி ஆண்டில் பட்டமளிப்புக்கு எப்போது வரலாம் என்று வீட்டார் கேட்கும்போது பையன் கையில் ஏழெட்டு அரியர் இருக்கும். 75 விழுக்காடு வருகை இல்லாமல் தேர்வெழுத முடியாமல் போவதும் இதே கதைதான். இப்போதெல்லாம் கல்லூரியே எஸ்.எம்.எஸ். அனுப்பிவிடுகிறதே என்று சிலர் சொல்லலாம். அனுப்புகிறார்கள், நல்லது. அமெரிக்காவில் 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, கல்லூரியில் சேர்ந்த மாணவரின் மதிப்பெண் விவரத்தைப் பொதுவாக அவர் சம்மதமில்லாமல் பெற்றோருக்கே காட்டக்கூடாது என்கிறது. அந்தப் பெற்றோருக்குப் பிள்ளை சொன்னால்தான் உண்டு. இங்கே நமக்குக் கூடுதல் வசதி. ஆனாலும் உங்கள் மகன் இன்று வரவில்லை என்று மட்டுமே எஸ்.எம்.எஸ். சொல்லும். ஏன் வரவில்லை என்பதை அவன்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு மறுப்பு இதற்கு நேரெதிர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. எதுவானாலும் சொல் என்றால் பிள்ளை மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை, கொசு கடிக்கிறது என்று நாளுக்கு நாலு போன் பண்ணும், ஒரு வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும், எப்போதுதான் தன் காலில் நிற்கும் என்கிறார்கள். வீட்டு ஞாபகம் முதல் சில வாரங்களில் எல்லோரையும் வாட்டும். பெரும்பாலோருக்கு அது தானே தணியும். பெற்றோர் பதறாமல் கேட்டாலே பாதி தணிந்துவிடும். சொல்வதும் சார்ந்திருப்பதும் ஒன்றல்ல. "சரி, நீ என்ன பண்ணலாம்னு நெனைக்கிற?" என்ற ஒரு கேள்வி போதும், பிரச்சினை பிள்ளை கையிலேயே திரும்பப் போய்ச் சேரும். நான் கிளம்பி வரட்டுமா, இல்லை சும்மா கேட்டுக்கொண்டால் போதுமா என்று கேட்பது அதைவிட நல்லது. தன் காலில் நிற்கப் பழக்கும் காலம், பிளஸ் டூ முடிவு வரும் மே மாதத்திலிருந்து விடுதிக் கதவு திறக்கும் வரை உள்ள இரண்டு மூன்று மாதங்கள். அந்த நாட்களில் ஒரு மாத வீட்டுச் செலவில் ஒரு பகுதியைப் பிள்ளையிடம் கொடுத்துவிடலாம். இருப்பிடச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்துக்கு அது தனியே போகட்டும். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் என்ன செய்கிறது என்று அதுவே சொல்லட்டும். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்துத் தனியாகச் சிதம்பரம் போய் வரட்டும். இதில் தப்பு நடக்கும். பணம் பதினைந்தாம் தேதியே தீரும், சான்றிதழில் இனிஷியல் மாறும், ரயில் தவறும். அந்தத் தப்பைப் பிள்ளை வந்து சொல்லும் நிமிடம்தான் ஒத்திகை. பணம் தீர்ந்தது என்று சொன்ன பிள்ளையை அன்றைக்குத் திட்டித் தீர்த்தால், அடுத்த பெரிய நஷ்டத்தை நாம் கேள்விப்படப் போவதில்லை. எங்கே போயிற்று என்று சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் பிள்ளை கணக்கும் கற்றுக்கொள்ளும், சொன்னால் வீடு இடிந்து விழாது என்பதையும் கற்றுக்கொள்ளும்.

இதெல்லாம் படித்த பெற்றோருக்குச் சரி, பள்ளிக்கூடத்தைத் தாண்டாத நாங்கள் பல்கலைக்கழகத்துப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்க முடியும் என்று கேட்பவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை முதலில் எழுதப்பட்டது. கிரெடிட் என்றால் என்ன, செமஸ்டர் எப்படிப் போகிறது என்பதைச் சொல்லித்தரக் கல்லூரியில் ஆட்கள் இருக்கிறார்கள். கேட்டுக்கொள்வதற்குப் பட்டம் வேண்டாம். சொல்லப்போனால் வெள்ளாமை பொய்த்ததையும், வலை கிழிந்ததையும், வட்டி ஏறியதையும் தாங்கி வந்த தாய் தகப்பனுக்குக் கெட்ட செய்தியைக் கேட்கும் தெம்பு மற்றவர்களைவிட அதிகம். அதைப் பிள்ளைக்குக் காட்டியதில்லை, அவ்வளவுதான். தான் முதல்முதலாக வெளியூர் வேலைக்குப் போன நாளில் எப்படித் தவித்தேன் என்று ஒரு அப்பா மகனிடம் சொன்னால், தவிப்பைச் சொல்லலாம் என்பதை மகன் அங்கே கற்றுக்கொள்கிறான். தகப்பன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கும் வீடுகள் இந்த மாவட்டத்தில் ஏராளம். அங்கெல்லாம் கேட்கும் காது மாமாவுடையதாகவோ அக்காவுடையதாகவோ இருக்கலாம். யாருடையது என்பது முன்னாலேயே தீர்மானமாகியிருக்க வேண்டும். சமூகநீதி விடுதிகள் என்று 2025-இல் பெயர் மாறிய அரசு விடுதிகளில் பிள்ளையைச் சேர்க்கும் வீட்டார், காப்பாளரை ஒருமுறை நேரில் போய்ப் பார்த்து, தன் பெயரையும் எண்ணையும் கொடுத்துவிட்டு வருவது நல்லது. தன் பிள்ளைக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கிறது என்று அங்கே தெரிந்திருப்பதே ஒரு காவல்.

வீடு ஒன்றை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. இதைக் கடலூர்க்காரர்களுக்குப் புயல் சொல்லிக் கொடுத்திருக்கிறது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கரையேறியபோது மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன, பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. 2015 நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் சாலைகள் துண்டாகின. முதல் செமஸ்டர் தேர்வு நெருங்கும் நாட்களும் வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாட்களும் இங்கே ஒன்றுதான். வீட்டுப் போன் எடுக்காத ஒரு ராத்திரியில், அல்லது வீட்டில் சொல்ல நா எழாத ஒரு விஷயத்தில், பிள்ளை யாரிடம் போகும்? விடுதி வார்டன், வகுப்பின் பொறுப்பாசிரியர், ஊர்க்காரரான ஒரு நல்ல சீனியர், அந்த ஊரில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் என்று இரண்டு பெயராவது அதன் மனத்தில் இருக்க வேண்டும். அம்மா அப்பாவிடம் சொல்ல முடியாததை அவர்களிடம் சொன்னால் எங்களுக்கு வருத்தமில்லை என்பதையும் பெற்றோரே சொல்ல வேண்டும். 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் இதற்காகவே ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் வேறு. அவற்றையெல்லாம் ஒரே விளக்கத்தில் அடைப்பது தவறு. ஆனாலும் மனம் உடையும் நேரத்தில் காது கொடுக்க ஒருவர் இருப்பது பிள்ளையைத் தாங்கிப் பிடிக்கும் என்பதை மனநல மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அந்த ஒருவர் கிடைக்காத நேரத்துக்காகத்தான் 14416 என்ற இலவச மனநல உதவி எண் இரவு பகலாகத் திறந்திருக்கிறது.

அந்தப் படிவத்தில் நாம் நிஜமாகவே கையெழுத்துப் போட்ட உறுதிமொழிக்கு ஒரு முறை திரும்ப வேண்டும். என் பிள்ளை ராகிங் செய்யாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். முதலாமாண்டில் பயந்துகொண்டு போன பிள்ளை அடுத்த ஆண்டே சீனியராகிவிடுகிறது. ஜூனியர் பசங்களை எப்படி நடத்துகிறாய் என்று லீவுக்கு வந்த மகனிடம் எத்தனை வீட்டில் கேட்கிறார்கள்? "சும்மா ஜாலிக்குத்தான்" என்று அவன் சொன்னால் அதைச் சிரித்துக்கொண்டு விட்டுவிடக் கூடாது. எதிரில் இருந்த பையனுக்கும் அது ஜாலியாக இருந்ததா என்று கேட்க வேண்டும். தன் வீட்டில் கெட்ட செய்தியைச் சொல்லவும் கேட்கவும் பழகிய பிள்ளை, இன்னொரு பிள்ளையின் முகம் வாடுவதைக் கண்டுகொள்ளும் என்று நம்புவதற்கு இடமுண்டு.

சேர்க்கைக் கடிதம் வந்த வீடுகளில் இப்போது பெட்டி தயாராகிக்கொண்டிருக்கும். அந்த ராகிங் தடுப்பு உறுதிமொழியைப் பிள்ளையும் நீங்களும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு முறை முழுக்கப் படியுங்கள். ராகிங் எதெது என்று விதிமுறையில் சொல்லியிருக்கும் பட்டியலை வாய்விட்டுப் படியுங்கள். 1800-180-5522, 14416 என்ற இரண்டு எண்ணையும் பிள்ளையின் போனில் பதியுங்கள், உங்கள் போனிலும் பதியுங்கள். பிறகு, படிவத்தில் இல்லாததை நீங்களே வாயால் சொல்லுங்கள். ரயிலடியில், பஸ் கிளம்பும் அவசரத்தில், கண்ணீரோடு சொன்னால் அது காதில் ஏறாது. கிளம்புவதற்கு முந்தைய நாள் ராத்திரி, சாப்பிட்ட தட்டு காய்வதற்குள், அதைச் சொல்லிவிடுங்கள்.